83% பேர் விரும்பும் ரஸ்ட் மொழி, கேம் ஸ்டூடியோக்களுக்குள் ஏன் இன்னும் நுழையவில்லை?

ஸ்டாக் ஓவர்ஃப்ளோ தளம் 2024-ல் நடத்திய கருத்துக்கணிப்பில், ரஸ்ட் மொழியைப் பயன்படுத்தியவர்களில் 83 சதவீதம் பேர் 'இதையே தொடர விரும்புகிறோம்' என்றார்கள். வேறெந்த மொழிக்கும் அவ்வளவு கிடைக்கவில்லை. ரஸ்ட்டை 'எதிர்கால மொழி' என்று விற்பவர்கள் காட்டுவதும் இந்த எண்ணைத்தான்.

ஆனால் 83 எதிலிருந்து எடுத்த 83 என்று பார்க்கணும். அதே கணிப்பில் ரஸ்ட் பயன்படுத்துவதாகச் சொன்னவர்கள் சுமார் 13 சதவீதம்தான். அந்தச் சின்னக் கூட்டத்துக்குள் எடுத்த கணக்கு இது. சில வருஷம் முன்பே வெறுத்துப்போய் விட்டவர்கள் இதில் வரவே மாட்டார்கள்.

கேம் உருவாக்குபவர்களுக்கு ரஸ்ட் மேல் ஆசை வந்ததற்கு நியாயமான காரணம் உண்டு. நொடிக்கு 60 பிரேம் ஓட வேண்டுமென்றால் ஒரு பிரேமுக்குக் கிடைப்பது 16.6 மில்லிசெகண்ட். யூனிட்டியில் எழுதும் சி ஷார்ப் மொழி, தேவையில்லாத மெமரியைத் துடைக்க நடுவில் நின்றால் திரை வெட்டும். சி பிளஸ் பிளஸ் அப்படி நிற்காது. ஆனால் மெமரியை நாமே பார்த்துக்கொள்ள வேண்டும், தவறினால் கேம் முடங்கும். ரஸ்ட் இரண்டுக்கும் நடுவே வருகிறது: வேகம் சி பிளஸ் பிளஸ் அளவுக்கு, மெமரித் தவறுகளில் பெரும்பகுதியை கம்பைலரே முன்கூட்டிப் பிடித்துவிடும்.

இன்னொரு தள்ளுதல் 2023 செப்டம்பரில் வந்தது. ஒவ்வொரு இன்ஸ்டாலுக்கும் கட்டணம் என்று யூனிட்டி அறிவித்தது. குறிப்பிட்ட வருமானத்தைத் தாண்டிய கேம்களுக்குத்தான் என்றாலும், இன்ஸ்டால் அதிகம், வருமானம் குறைவு என்று ஓடும் இந்திய மொபைல் கேம்களுக்கு இது சின்ன விஷயமில்லை. ஓராண்டில் யூனிட்டி பின்வாங்கியது. அதற்குள் பலர் கோடோ, பெவி போன்ற இலவச இன்ஜின்களை எட்டிப் பார்த்துவிட்டார்கள். இதில் பெவி முழுக்க ரஸ்ட்டில் எழுதப்பட்டது.

சிக்கல் எங்கே?

கேம் என்பது சோதனை செய்து செய்து வளர்வது. குதிக்கும் உயரத்தை மாற்றிப் பார்ப்போம், எதிரியை இரண்டாக்கிப் பார்ப்போம், சரியில்லை என்றால் தூக்கிப் போடுவோம். ஒரு நாளில் இப்படி நூறு முறை. ரஸ்ட்டில் ஒரு தகவலை ஒரே சமயத்தில் இரண்டு இடத்திலிருந்து மாற்ற முயன்றால் கம்பைலர் மறுத்துவிடும். வங்கி மென்பொருளுக்கு அது வரம். ஆனால் வீரனும் எதிரியும் ஒருவரையொருவர் தாக்கும் காட்சியைச் சும்மா எழுதிப் பார்க்க நினைப்பவர், முதலில் தகவல் அமைப்பையே மாற்றி எழுத வேண்டியிருக்கும். லாக்லாக் கேம்ஸ் என்ற சிறு ஸ்டூடியோ, 3 வருட முயற்சிக்குப் பிறகு 2024 ஏப்ரலில் ரஸ்ட்டை விட்டு விலகுவதாக நீண்ட விளக்கமே எழுதியது. சாரம் கிட்டத்தட்ட இதுதான்.

பெவியும் 2020 ஆகஸ்ட்டில் வெளியானது, 5 ஆண்டு கடந்தும் 1.0-ஐ எட்டவில்லை. புதிய பதிப்பு வரும்போது பழைய கோட் உடையலாம். பிளேஸ்டேஷன், நிண்டெண்டோ பக்கம் போனால் இன்னும் கஷ்டம். அவர்கள் தரும் கருவிகள் சி பிளஸ் பிளஸை மையமாகக் கொண்டவை, ரகசிய ஒப்பந்தத்துக்குள் இருப்பவை. ஓப்பன் சோர்ஸ் இன்ஜினில் அதைச் சேர்த்து வெளியிட முடியாது.

அப்ப யாருமே ஜெயிக்கலையா? ஜெயித்திருக்கிறார்கள். 2024 செப்டம்பரில் வந்த 'டைனி கிளேட்', ஸ்வீடனில் இருவர் ரஸ்ட்டில் எழுதியது. ஆனால் பெவியில் ஒரு பகுதியை மட்டும் எடுத்துக்கொண்டு, படம் வரையும் பகுதியைத் தாங்களே எழுதினார்கள். இருவருமே பெரிய ஸ்டூடியோக்களில் வேலை பார்த்தவர்கள். இதைக் காட்டி முதலாமாண்டு மாணவரை இழுப்பது சரியாகத் தெரியவில்லை. ரஸ்ட்டைத் தீவிரமாக ஆதரித்த ஸ்டாக்ஹோமின் எம்பார்க் ஸ்டூடியோஸ்கூட, 2023-ல் வெளியிட்ட 'தி ஃபைனல்ஸ்' கேமை அன்ரியல் இன்ஜினில்தான் செய்தது.

இந்தியாவில் யாருக்குப் பயன்?

வெளிநாடுகளிலும் பேசப்பட்ட புனே ஸ்டூடியோவின் 'ராஜி' (2020) அன்ரியலில் உருவானது. கேமை வடிவமைக்கும் வேலை தேடுபவர் அன்ரியலையோ யூனிட்டியையோ விட்டு ரஸ்ட்டில் ஒரு வருஷத்தைப் போட்டால், அந்த ஒரு வருஷம் கைக்காசுதான்.

சர்வர் பக்கம் கதை வேறு. 2022 ஜனவரியில் 'டார்க் சோல்ஸ்' கேம்களில் ஆன்லைன் வழியாக அடுத்தவர் கணினியில் கட்டளை ஓட்டக்கூடிய ஓட்டை தெரியவந்து, பிசி சர்வர்களையே நிறுத்த வேண்டிவந்தது. முகம் தெரியாதவர்கள் அனுப்பும் தகவலை வாங்கும் இடத்தில், கம்பைலரின் பிடிவாதம் நமக்குச் சாதகம். அங்கே நாளுக்கு நூறு முறை மாற்றிப் பார்க்கும் அவசரமும் இல்லை.

2025 ஆகஸ்ட்டில் பணம் வைத்து ஆடும் ஆன்லைன் கேம்களை நாடாளுமன்றம் தடை செய்த பிறகு, அந்த நிறுவனங்கள் ஆட்களைக் குறைத்தன. லாகின், பேமெண்ட், ஒரே நேரத்தில் பெருங்கூட்டத்தைத் தாங்கும் சர்வர் என்று வேலை பார்த்தவர்கள் அவர்களில் உண்டு. ரஸ்ட் கற்க அவர்களுக்கு உண்மையான காரணம் இருக்கிறது. அந்தத் திறமைக்கு கேம் கம்பெனிதான் வேண்டும் என்றில்லை, கிளவுட் நிறுவனங்களிலும் இடம் உண்டு.