சயாம் நமக்கு என்ன உறவு?

தியாகதுருகத்தில் உட்கார்ந்துகொண்டு தாய்லாந்து அரசியலைப் பற்றி விசாரப்படுகிற பிரகிருதி நான் ஒருவன்தான் என்று நண்பர்கள் கேலி செய்கிறார்கள். இருக்கலாம். பட்டாயாவுக்கு உல்லாசப் பயணம் போய் வந்தவர் கதை சொன்னால் எங்கள் கடைத்தெருவில் நாலு பேர் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு கேட்பார்கள். அதே நாட்டில் 2023ஆம் வருஷத் தேர்தலில் முதலிடம் பெற்ற கட்சியை ஆளவிடாமல் தடுத்தது அநியாயம் இல்லையா என்று நான் கேட்டால், "உமக்கென்ன ஐயா போயிற்று?" என்கிறார்கள்.

போனதைச் சொல்கிறேன்.

1941 டிசம்பரில் பாங்காக்கில் ஆட்சி நடத்தியவர் பிபுன் சொங்க்ராம் என்ற ராணுவத் தலைவர். ஜப்பானியப் படை வந்து இறங்கியது. சில மணி நேரம் சண்டை நடந்தது, பிறகு வழிவிட்டார். அந்த மாதமே ஜப்பானோடு நேச உடன்படிக்கையும் செய்துகொண்டார். வேறு வழியில்லாமல் பணிந்தார் என்று அவருக்காக வாதாடுகிறவர்கள் உண்டு. வாதாடட்டும். அந்த உடன்படிக்கையின் நிழலில்தான் சயாமிலிருந்து பர்மாவுக்கு 415 கிலோமீட்டர் ரயில் பாதை போட்டார்கள். 1942இல் தொடங்கி 1943 அக்டோபரில் முடித்துவிட்டார்கள். உழைத்தவர்கள் யார்? யுத்தக் கைதிகளான வெள்ளைக்காரச் சிப்பாய்கள், பர்மியர், ஜாவாக்காரர், மலாயா ரப்பர்த் தோட்டங்களிலிருந்து ஆசை காட்டியும் பலவந்தமாகவும் ஏற்றிக்கொண்டு போன நம் தமிழர்கள். காலராவிலும் பட்டினியிலும் ஆயிரமாயிரமாக மாண்டார்கள். சிப்பாய்களுக்குக் காஞ்சனபுரியில் வரிசை வரிசையாகப் பெயர் பொறித்த கல் நிற்கிறது. நம்மவர்களில் மாண்டவர் எத்தனை பேர் என்ற சரியான கணக்குக்கூட இல்லை. கடாரம் கொண்ட சோழனுக்கு ஆயிரம் வருஷம் கழித்தும் மேடை போட்டு மாலை சூட்டுகிறோம். கடல் தாண்டிப் போன கூலிக்காரனை எண்பதே வருஷத்தில் மறந்து போனோம்!

ஊர் விவகாரம் வேறு, உலக விவகாரம் வேறு என்று யார் சொன்னது? எங்கள் மலைக்கோட்டையையே பாருங்கள். 1760இல், இங்கிலீஷ்காரர்களோடு நடந்த யுத்தத்தில் ஹைதர் அலியின் படைத்துணை வேண்டும் என்பதற்காக, இந்தக் கோட்டையை அவருக்குத் தாரை வார்த்தவர் புதுச்சேரியிலிருந்த பிரெஞ்சுத் தளபதி லாலி. மலையடிவாரத்துக் குடியானவனை அவர் ஒரு வார்த்தை கேட்டிருப்பாரா?

"முதலில் சொந்த ஜில்லாவைப் பாரும். 2024 ஜூனில் கள்ளக்குறிச்சியில் விஷச் சாராயம் குடித்து அறுபது பேருக்கு மேல் செத்தார்களே!" என்று மடக்கினார் ஒருவர். நியாயமான கேள்விதான். ஆனால் கேட்டவர் கருணாபுரம் பக்கம் ஒரு தடவைகூட எட்டிப் பார்த்தவர் அல்ல. தூரத்துத் துக்கம் தனக்கில்லை என்கிறவர் பக்கத்துத் துக்கத்துக்கு ஓடுகிறார் என்றால் நான் வாயை மூடிக்கொள்வேன். அப்படி ஒருவரையும் இதுவரை பார்க்கவில்லை. அந்தத் தெருவின் அழுகையை வெளிநாட்டுப் பத்திரிகைகளும் எழுதின. "உங்களுக்கென்ன?" என்று அவர்களை நாம் விரட்டினோமா?

சயாம் விஷயத்துக்கு வருகிறேன். 1932 முதல் 2014 வரையில் அங்கே பன்னிரண்டு தடவைக்குக் குறையாமல் ராணுவம் ஆட்சியைப் பிடுங்கியிருக்கிறது. கடைசியாகப் பிடுங்கியவர்கள் கெட்டிக்காரர்கள். 250 பேர் கொண்ட நியமன செனட் ஒன்றை அமைத்து, பிரதமரைத் தேர்ந்தெடுப்பதில் அவர்களுக்கும் வோட்டுக் கொடுத்தார்கள். 2023 ஜூலையில் ஜனங்கள் முதலிடம் கொடுத்த கட்சியின் தலைவர் பீட்டா லிம்ஜரோன்ராத்துக்கு அந்த 250 பேரில் வோட்டளித்தவர்கள் 13 பேர்! மறு வருஷம் ஆகஸ்டில் அரசியல் சாசன நீதிமன்றம் அந்தக் கட்சியையே கலைத்தது. ராஜ நிந்தனைச் சட்டத்தைத் திருத்தப் புறப்பட்டதுதான் அது செய்த குற்றம்.

அந்தச் சட்டத்தின் 112ஆம் பிரிவில் ஒரு குற்றத்துக்கு 3 முதல் 15 வருஷம் வரை சிறை. அனோன் நம்பா என்ற வழக்கறிஞர், 2020இல் மேடையில் பேசிய பேச்சுக்காக 2023 செப்டம்பரில் நாலு வருஷத் தண்டனை பெற்றார். வேறு வழக்குகளில் அதன்மேல் மேலும் மேலும் கூடியது. உள்ளே இருக்கிறவன் பேசினால் சிறை. வெளியே இருக்கிறவனும் எனக்கென்ன என்று இருந்துவிட்டால் பிறகு யார் பேசுவது? அனோனைப் பற்றித் தியாகதுருகத்துக் கடைத்தெருவில் நான் எத்தனை உரக்கப் பேசினாலும் எந்தப் போலீஸ்காரரும் என்னைத் தேடி வரப்போவதில்லை. அதனால் பேசுகிறேன்.