பின் இருக்கையில் தூங்குகிறார்களா?

மலைப்பாதையில் கார் ஓட்டப் பிடிக்கும் என்று சொல்லும் தம்பிமார் என்னிடம் கேட்கும் முதல் கேள்வி பெரும்பாலும் ஒன்றுதான். “அண்ணே, மேலே ஏற எத்தனை நிமிஷம் பிடிச்சது?”

நான் நேரத்தைச் சொல்வதில்லை. “பின்னால உட்கார்ந்திருந்தவங்க தூங்கினாங்களா, வாந்தி எடுத்தாங்களா? அதைச் சொல்லு, நீ எப்படி ஓட்டுறேன்னு நான் சொல்றேன்” என்பேன். சிரிப்பார்கள். ஆனால் வளைவுச் சாலையில் ஓட்டுநரின் திறமையை அளக்க எனக்குத் தெரிந்த நேர்மையான அளவுகோல் அதுதான்.

அதைச் சோதித்துப் பார்க்க நம் நாட்டில் சாலைகளுக்குப் பஞ்சமில்லை. தாப்பாவிலிருந்து கேமரன் மலை ஏறும் பழைய சாலை இருக்கிறது. கிரீக்கிலிருந்து ஜெலிக்குப் போகும் கிழக்கு-மேற்கு நெடுஞ்சாலை இருக்கிறது. சபாவில் கினபாலு மலையைப் பார்த்தபடி குண்டாசாங் போகும் சாலையும் இருக்கிறது. ஒன்றை மட்டும் சொல்லச் சொன்னால், கோலகுபு பாருவிலிருந்து பிரேசர் மலைக்குப் போகும் சாலையைச் சொல்வேன். கோலாலம்பூரிலிருந்து காலையில் கிளம்பினால் மாலைக்குள் வீடு திரும்பிவிடலாம். ஓட்டப் பிடித்தவருக்கும் பிடிக்கும், உடன் வரும் குடும்பத்துக்கும் பிடிக்கும்.

வெள்ளம் இடம் மாற்றிய ஊர்

பயணத்தைக் கோலகுபு பாருவில் ஒரு ரொட்டி சானாயோடு தொடங்குங்கள். அவசரம் வேண்டாம். இந்தச் சின்ன ஊருக்கு ஒரு கதை உண்டு. 1883இல் ஓர் அணை உடைந்து பழைய கோலகுபுவை வெள்ளம் அடித்துச் சென்றது. அதன் பிறகும் வெள்ளம் விடவில்லை. கடைசியில் பாதுகாப்பான இடத்தில் புதிய ஊர் ஒன்றைத் திட்டமிட்டுக் கட்டினார்கள். ‘பாரு’ என்ற சொல் அப்படி ஒட்டிக்கொண்டதுதான்.

ஊரைத் தாண்டியதும் சிலாங்கூர் அணையின் நீர்த்தேக்கம் ஒரு பக்கம் விரிகிறது. காலை வெயிலில் தண்ணீர் மேல் பனி எழும்பும். படம் எடுக்க வேண்டுமானால் வண்டியை ஒதுக்கி நிறுத்த இடமுள்ள இடத்தில் நிறுத்துங்கள், வளைவில் நிறுத்தாதீர்கள். நீர்த்தேக்கம் முடிந்ததும் காடு நெருங்கிவிடும். அங்கிருந்து ‘கேப்’ என்னும் கணவாய் வரை வளைவுக்கு மேல் வளைவு. கோலகுபு பாருவிலிருந்து பிரேசர் மலை வரை மொத்தம் சுமார் 40 கிலோமீட்டர். அதில் கேப்பிலிருந்து மேலே ஏறும் கடைசி 8 கிலோமீட்டர்தான் மிகக் குறுகலானது.

சாலை ஏன் இப்படி நெளிகிறது? மலையை நேராக ஏறினால் அந்தக் காலத்து லாரியும் காரும் பாதியிலேயே மூச்சு வாங்கி நின்றுவிடும். அதனால் மலையின் இடுப்பைச் சுற்றிச் சுற்றி, சாய்வைக் குறைத்து, தூரத்தைக் கூட்டிப் போட்டார்கள். இந்த நாட்டின் பழைய சாலைகள் பலவற்றில் நம் முன்னோர்களின் வியர்வையும் இருக்கிறது. பொதுப்பணித் துறையில் மண் வெட்டவும் கல் உடைக்கவும் தமிழர்கள் ஏராளமாக வேலை செய்தார்கள். மண்வெட்டியும் கூடையும் முக்கியக் கருவிகளாக இருந்த காலம் அது.

இந்தச் சாலைக்கு இன்னொரு நினைவும் உண்டு. 1951 அக்டோபர் 6ஆம் தேதி, அவசரகாலத்தின்போது, பிரிட்டிஷ் ஹை கமிஷனர் சர் ஹென்றி கர்னி பிரேசர் மலைக்குப் போகும் வழியில் இங்கேதான் கம்யூனிஸ்ட் கெரில்லாக்களால் சுட்டுக் கொல்லப்பட்டார். வளைவுக்கு வந்தால் எந்த வண்டியும் வேகத்தைக் குறைத்தாக வேண்டும். பதுங்கியிருந்தவர்களுக்கு அதுவே வசதியாகிப் போனது.

தொங்கும் தே-ஓ

இனி ஓட்டும் விஷயத்துக்கு வருவோம். என் காரில் ஒரு கருவி உண்டு. கடையில் பிளாஸ்டிக் பையில் கயிறு கட்டித் தரும் தே-ஓ ஐஸ்தான் அது. முன்னால் ஒரு கொக்கியில் மாட்டிவிடுவேன். நான் பிரேக்கைச் சட்டென்று மிதித்தால் பை முன்னால் பாயும். ஸ்டியரிங்கை வெடுக்கென்று திருப்பினால் பக்கவாட்டில் ஆடும். நிதானமாக ஓட்டினால், வளைவில் மெல்லச் சாய்ந்து, மெல்ல நிமிரும். அந்தப் பை ஆடுகிற மாதிரிதான் பின்னால் இருக்கும் அம்மாவின் தலையும் ஆடுகிறது என்று நினைத்துக்கொள்வேன்.

பை ஆடாமல் இருக்க மூன்று பழக்கம் போதும்.

ஒன்று, வளைவுக்கு முன்பே, சாலை நேராக இருக்கும்போதே வேகத்தைக் குறைத்துவிடுங்கள். வளைவுக்குள் போன பிறகு பிரேக்கைத் தேடாதீர்கள். டயர் திரும்பவும் வேண்டும், நிற்கவும் வேண்டும் என்றால் ஈரச் சாலையில் அது கைவிட்டுவிடும்.

இரண்டு, கண்ணை வண்டியின் மூக்கில் வைக்காதீர்கள். வளைவு எங்கே போய் வெளிவருகிறதோ, அங்கே பாருங்கள். கண் போகும் பக்கம்தான் கை போகும்.

மூன்று, உங்கள் தடத்தை விட்டுப் போகாதீர்கள். மறுபக்கம் தெரியாத வளைவில் நடுக்கோட்டைத் தாண்டி வெட்டிப் போவது பெரிய குற்றம். வார இறுதியில் இந்தச் சாலையில் சைக்கிளோட்டிகள் கூட்டமாக ஏறுவார்கள், மோட்டார் சைக்கிள்களும் வரும். மிகக் குறுகலான வளைவில் ஒரு முறை ஹாரன் அடிப்பது மரியாதைக் குறைவு அல்ல.

வேகம் கொஞ்சம்தானே கூடுகிறது என்று நினைப்பவர்களுக்கு ஒரு கணக்கு. 30 கிலோமீட்டர் வேகத்தில் எடுத்த வளைவை 45இல் எடுத்தால், வேகம் ஒன்றரை மடங்குதான். ஆனால் உடம்பைப் பக்கவாட்டில் தள்ளும் விசை இரண்டேகால் மடங்கு. பின்னால் இருக்கும் பாட்டிக்கு அந்தக் கணக்கு தெரியாது, வயிறு மட்டும் சொல்லிவிடும்.

இறங்குவதுதான் பரீட்சை

ஏறும்போது எஞ்சின் சிரமப்படும், சத்தம் போடும், நாமும் கவனமாக இருப்போம். இறங்கும்போது எல்லாம் சுலபமாகத் தெரியும். ஆபத்து அங்கேதான் இருக்கிறது. 2013 ஆகஸ்டில் கெந்திங் மலையிலிருந்து இறங்கிய பேருந்து பள்ளத்தில் விழுந்து 37 பேர் உயிரிழந்ததை நாம் மறந்திருக்க முடியாது.

நாலு பேரோடு போகும் ஒரு சின்னக் கார் சுமார் 1,300 கிலோ இருக்கும். அது 1,000 மீட்டர் உயரத்திலிருந்து இறங்கும்போது வெளியாகும் சக்தி, சுமார் 40 லிட்டர் தண்ணீரைக் கொதிக்க வைக்கப் போதும். காற்றும் டயரும் அதில் ஒரு பங்கை வாங்கிக்கொள்ளும். மீதியை எஞ்சின் தாங்க வேண்டும், இல்லையென்றால் பிரேக் தாங்க வேண்டும். எஞ்சினுக்கு வேலை கொடுக்காமல் பிரேக்கை மட்டும் அழுத்திக்கொண்டே வந்தால் அது சூடேறிப் பிடிமானத்தை இழக்கும். பிரேக் எண்ணெய் பழையதாகி ஈரம் சேர்ந்திருந்தால் சீக்கிரமே கொதித்துக் குமிழி வைக்கும். அப்போது மிதி ‘பொதுக்’கென்று உள்ளே போகும்.

செய்ய வேண்டியது எளிது. ஏறிய கியரிலேயே இறங்குங்கள் என்று அந்தக் காலத்து லாரி ஓட்டுநர்கள் சொல்வார்கள். ஆட்டோ கியர் வண்டிக்கும் அது பொருந்தும். டி-க்குக் கீழே 3, 2, எல் என்றோ எஸ், பி என்றோ இருக்கும். காருக்குக் கார் எழுத்து மாறும். கிளம்புவதற்கு முன் கையேட்டைப் புரட்டி உங்கள் வண்டியில் எது என்று தெரிந்துகொள்ளுங்கள். அதில் போட்டால் எஞ்சினே வண்டியைப் பிடித்துக்கொள்ளும். பிரேக்கை இடையிடையே அழுத்தி, விட்டுவிட்டு, ஆற விடலாம்.

பெட்ரோல் மிச்சம் என்று நியூட்ரலில் உருட்டி வருபவர்கள் இன்னமும் இருக்கிறார்கள். தயவுசெய்து வேண்டாம். இன்றைய கார்களில், கியரில் வைத்து எண்ணெய் மிதியை விட்டு இறங்கினால், எஞ்சினுக்குப் போகும் பெட்ரோலைக் கணினியே நிறுத்திவிடும். நியூட்ரலில்தான் எஞ்சின் தனியாக ஓடிப் பெட்ரோலைக் குடிக்கும். மிச்சமும் இல்லை, பிடிமானமும் இல்லை.

பின் இருக்கைக்கும் சில வார்த்தை

தலைசுற்றல் வருவது பலவீனத்தால் அல்ல. ஆடுகிறோம் என்று காது சொல்கிறது, கைப்பேசியைப் பார்க்கும் கண்ணோ அசையவில்லை என்கிறது. இந்தச் சண்டைதான் வயிற்றில் முடிகிறது. கைப்பேசியை வாங்கி வைத்துவிடுங்கள். சீக்கிரம் தலைசுற்றும் ஆளை முன்னால் உட்கார வைத்துத் தூரத்தைப் பார்க்கச் சொல்லுங்கள். கண்ணாடியைக் கொஞ்சம் இறக்கினால் மலைக்காற்று வரும். குழந்தைகளுக்கு வயிறு முட்டச் சாப்பாடு வேண்டாம், பட்டினியும் வேண்டாம்.

மேலே போனால் கொடி படர்ந்த மணிக்கூண்டு, குளிர், பறவைகள். தொலைநோக்கி இருந்தால் எடுத்துப் போங்கள். பறவை பார்ப்பவர்கள் வெளிநாட்டிலிருந்தெல்லாம் தேடி வரும் இடம் இது.

கிளம்புமுன் சில விஷயங்கள். பிரேசர் மலையில் பெட்ரோல் நிலையம் கிடையாது, கோலகுபு பாருவிலேயே நிரப்பிக்கொள்ளுங்கள். கேப்பிலிருந்து மேலே போகும் பாதை முன்பு ஒரு மணி நேரம் ஏறுபவர்களுக்கு, அடுத்த மணி நேரம் இறங்குபவர்களுக்கு என்று இருந்தது. பிறகு இறங்குவதற்கென்று புதிய பாதை போட்டார்கள். மண்சரிவு வந்தால் ஏற்பாடு மாறும், அன்றைய நிலவரத்தைக் கேட்டுவிட்டுக் கிளம்புங்கள். பிரேக் எண்ணெய் மாற்றி இரண்டு வருடமாகிவிட்டதென்றால் முதலில் பட்டறைக்குப் போங்கள். மலையில் மழை பெரும்பாலும் பிற்பகலில்தான் பிடிக்கும், அதற்குள் இறங்கிவிடப் பாருங்கள். சிங்கப்பூரிலிருந்து வருபவர்கள் ஒரே நாளில் முடிக்க நினைக்காமல் ஓர் இரவு தங்குங்கள். களைத்த கண்ணுக்கு எல்லா வளைவும் ஒரே மாதிரிதான் தெரியும்.

பின்னால் வேகமாக ஒருவர் வந்து ஒட்டினால், இடம் கிடைக்கும்போது ஒதுங்கி வழி விடுங்கள். அவர் போகட்டும். மலை எங்கும் போய்விடாது.