மாணாக்கர் சாட்சியம்

சிறந்த ஆசிரியர் யார் என்று மாணாக்கரையே கேட்கும் வழக்கம் நம் கலாசாலைகளில் வேரூன்றிவிட்டது. 1994-ல் ஸ்தாபிக்கப்பட்ட தேசிய மதிப்பீட்டு, தரச்சான்றுக் குழு கலாசாலைகளை எடைபோடும்போது மாணாக்கரின் திருப்தியையும் விசாரிக்கிறது. பாடத்திட்டம் எவ்வளவு முடிந்தது, ஆசிரியர் ஆயத்தமாக வந்தாரா, அவர் சொன்னது விளங்கிற்றா என்பன அதன் வினாக்களுட் சில. இஃதன்றித் தனித்தனி ஆசிரியருக்கு மார்க்குப் போடும் படிவங்களையும் பல கலாசாலைகள் வழங்குகின்றன.

இதனைக் குருநிந்தை என்று கூச்சலிடுவோருடன் நாம் சேரமாட்டோம். மணியடித்துக் கால் மணி கழித்து வருபவர் யார், பழைய குறிப்பேட்டை ஆண்டுதோறும் அப்படியே ஒப்பிப்பவர் யார், ஏழைப் பிள்ளையின் இங்கிலீஷைப் பரிகசித்து வகுப்பைச் சிரிக்க வைப்பவர் யார் என்பவற்றுக்கு மாணாக்கனையன்றி வேறு சாட்சி ஏது? பிரின்ஸிபாலின் அறையிலிருந்து பார்த்தால் இவை தெரியா. கண்ணால் கண்ட சாட்சியின் வாயை அடைத்துவிட்டு நடத்தும் விசாரணை எந்தக் கோர்ட்டிலும் நில்லாது.

ஆயினும் சாட்சியம் வேறு, தீர்ப்பு வேறு. அமெரிக்க விமானப்படைக் கலாசாலையில் கணிதம் பயின்ற பல்லாயிரம் மாணாக்கரைக் குறித்துக் காரெல், வெஸ்ட் என்னும் இருவர் 2010-ல் ஓர் ஆராய்ச்சி வெளியிட்டனர். அங்கே மாணாக்கன் தன் ஆசிரியரைத் தெரிந்துகொள்ள இயலாது; எல்லாப் பிரிவினருக்கும் பரீட்சையும் ஒன்றே. மாணாக்கர் மெச்சிய ஆசிரியரிடம் பயின்றோர் அப்பரீட்சையைப் பொதுவாக நன்றாகவே எழுதினர். அதைத் தொடர்ந்து வந்த மேற்பாடங்களிலோ அவர்களே பின்தங்கினர்!

நம் நாட்டிலும் இதற்கு ஒரு திருஷ்டாந்தம் உண்டு. 1871-ல் மாயூரத்தில் மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளையிடம் சேர்ந்த உ. வே. சாமிநாதையர், தொடக்கத்தில் அவரிடம் நேரே பாடங் கேட்கவில்லை. மற்றொரு மாணாக்கரான சவேரிநாத பிள்ளையே அவருக்கு நைடதம் கற்பித்தார். ஆசிரியர் வாயாலேயே கேட்க வேண்டுமென்று தவித்த அப்பதினாறு வயது இளைஞர், காலையில் அவர் ஆசையோடு பார்வையிடும் தோட்டத்துச் செடிகளின் புதுத் தளிர்களை முன்னதாகவே தேடிவைத்துக் காட்டி அவர் மனத்தில் இடம்பெற்றார் என்பதை 'என் சரித்திரம்' வாசித்தோர் அறிவர். அந்த முதல் நாட்களில் ஒருவர் நமது படிவத்தை நீட்டி, 'ஆசிரியர் தாமே பாடம் நடத்துகிறாரா?' என்று கேட்டிருந்தால், மெய்யான விடை 'இல்லை' என்பதே. 1876-ல் பிள்ளை காலமானார். அவருடைய சரித்திரத்தை ஐயர் இரண்டு பாகங்களாக வெளியிட்டது 1933, 1934-ஆம் ஆண்டுகளில். அரை நூற்றாண்டுக்கு மேல் ஆய்ந்தோய்ந்து ஒரு மாணாக்கர் தந்த சாட்சியம் அது.

ஆதலால், மாதத் தொகுப்பூதியத்தில் காலந்தள்ளும் ஒரு கௌரவ விரிவுரையாளரின் ஜீவனத்தை, பரீட்சைக்கு முந்திய வாரத்தில் அவசரமாய் நிரப்பிய தாள்களின் கூட்டுத்தொகை கொண்டு எந்த நிர்வாகமும் நிர்ணயித்தல் தகாது. குறை கூறப்பட்டால், கூறியவர் பெயரை மறைத்து அதனை ஆசிரியருக்குக் காட்டிச் சமாதானம் கேட்கவேண்டும். படிப்பு முடிந்து ஐந்தாறு ஆண்டு சென்ற பழைய மாணாக்கரையும் அதே வினாக்களைக் கேட்டல் வேண்டும். அவர்கள் விலாசத்துக்கு எங்கே போவது என்று நிர்வாகிகள் கையை விரிக்க வேண்டாம். கட்டட நிதிக்கு நன்கொடை கேட்கும்போது அவை தவறாமல் அகப்படுகின்றன அல்லவா?