நாற்காலியில் உட்கார்ந்தவர்

1957 செப்டம்பர் 10. முதுகுளத்தூரில் மாவட்ட ஆட்சியர் கூட்டிய அமைதிக் கூட்டம். தேர்தலையொட்டி மூண்ட சாதிக் கலவரத்தைத் தணிக்கப் பல தரப்புத் தலைவர்களும் அழைக்கப்பட்டிருந்தார்கள். ஒடுக்கப்பட்ட மக்களின் சார்பில் வந்த இம்மானுவேல் சேகரன் யார் முன்னும் கைகட்டி நிற்கவில்லை. சமமாக உட்கார்ந்தார், சமமாகப் பேசினார். மறுநாள் இரவு பரமக்குடியில் கொல்லப்பட்டார். அவருக்கு 33 வயதுகூட நிறையவில்லை.

1924 அக்டோபர் 9-இல் பிறந்தவர் அவர். ராணுவத்தில் பணியாற்றியவர். துப்பாக்கி பிடித்துப் பழகிய அந்தக் கை, ஊர் திரும்பியதும் எடுத்தவை சங்கமும் மாநாடும்தான். தேநீர்க் கடையின் இரட்டைக் குவளையை எதிர்த்து மக்களைத் திரட்டினார்.

உலகம் இப்படிப்பட்டவர்களை மறப்பதில்லை. போலந்தின் வார்சா நகரில் யூதர்களை மதில் எழுப்பிய சேரிக்குள் அடைத்தது நாஜிப் படை. மிச்சமிருந்தவர்களையும் கொலைமுகாமுக்கு இழுத்துப்போக 1943 ஏப்ரல் 19-இல் அது உள்ளே நுழைந்தபோது, மொர்தெகாய் அனிலெவிச் என்ற இளைஞரின் தலைமையில் அவர்கள் திருப்பி அடித்தார்கள். வெல்ல முடியாது என்று தெரிந்தே போராடினார்கள். உலகம் இன்றும் அவர் பெயரை மரியாதையோடு சொல்கிறது. நம் தியாகியை மட்டும் ஏன் 'ஒரு சாதியின் தலைவர்' என்று சுருக்குகிறோம்? 2010-இல் இந்திய அரசு அவருக்கு அஞ்சல் தலை வெளியிட்டது. ஆனாலும் நம் பிள்ளைகளில் எத்தனை பேருக்கு அவரைத் தெரியும்?

எர்ணாவூரில் இரட்டைக் குவளை எங்கே இருக்கிறது என்று கேட்கலாம். வாடகைக்கு வீடு கேட்டுப் போய்ப் பாருங்கள். அட்வான்ஸ் எவ்வளவு என்று சொல்வதற்கு முன்பே, 'சொந்த ஊர் எது? நீங்க என்ன ஆளுங்க?' என்ற கேள்வி வரும். குவளைதான் மாறியிருக்கிறது.

பள்ளியிலும் இதே கதை. 2023-இல் நாங்குநேரியில் தலித் மாணவனை வீடு புகுந்து வெட்டியவர்கள் அவனுடன் படித்த மாணவர்கள். அதன்பின் அரசு அமைத்த நீதிபதி சந்துரு குழு, 2024-இல் அறிக்கை தந்தது. சாதிக் கயிறு கட்டக்கூடாது, பள்ளிப் பெயர்களில் சாதி இருக்கக்கூடாது என்று அது பரிந்துரைத்தது.

மாணவர்களே, செப்டம்பர் 11 அன்று சுவரொட்டி ஒட்டுவதோடு நாம் நின்றுவிட வேண்டாம். அந்த அறிக்கையை நம் தெருவில் கூடி வாசிப்போம். நம் பள்ளியில் எது நடந்தது, எது நடக்கவில்லை என்று எழுதி, தலைமை ஆசிரியரிடம் மனுவாகக் கொடுப்போம். கொடுக்கப் போகும்போது நின்றபடி பேச வேண்டாம், நாற்காலி கேட்டு உட்கார்ந்தே பேசுவோம்.