கணினிப் பக்கம்: லினக்ஸில் மென்பொருள் போடுவது எப்படி?



மூதூரிலோ குச்சவெளியிலோ வீட்டிலிருந்தே கடிதம், பில் தட்டச்சுச் செய்து உழைக்க ஒரு பழைய கணினி போதும். லினக்ஸ் போட்டால் உரிமக் கட்டணமும் இல்லை. மென்பொருள் போடும்போதுதான் பலர் மலைத்துக் கடைக்காரரைத் தேடுகிறார்கள். அந்தச் செலவைத் தவிர்க்க இம்மாதம் ஒரு வழி சொல்கிறேன்.

லினக்ஸில் மென்பொருள் 'பொதி'யாக வரும். ஒரு பொதி இயங்க வேறு பொதிகளும் வேண்டும். தமிழ்99 முறையில் தட்டச்சுச் செய்ய உதவும் 'ஐபஸ் எம்17என்' பொதிக்கு 'ஐபஸ்' வேண்டும். விசை அமைப்புகள் அடங்கிய 'எம்17என் டிபி'யும் வேண்டும். பென் டிரைவில் ஒன்றை மட்டும் கொண்டுவந்தால் 'டிபென்டன்சி' இல்லை என்று நின்றுவிடும்.

1993இல் தொடங்கிய டெபியனிலும் அதன் வழிவந்த உபுண்டுவிலும் துணைப் பொதிகளைத் தேடித் தருவது 'ஆப்ட்'. அதைச் சுட்டியால் இயக்க 'சினாப்டிக்' உண்டு. முதலில் 'ரீலோட்' கொடுங்கள்; இதற்குக் கைத்தொலைபேசி இணைப்பே போதும். பொதியைத் தேடிக் குறியிடுங்கள். கூட வரவேண்டியவற்றின் பட்டியல் தோன்றும். சம்மதித்து 'அப்ளை' அழுத்துங்கள்.

பெரிய பொதிக்கு டேட்டா போதாவிட்டால், குறியிட்டபின் 'ஃபைல்' பகுதியில் 'ஜெனரேட் பாக்கேஜ் டவுன்லோட் ஸ்கிரிப்ட்' கொடுங்கள். கிடைக்கும் கோப்பைத் திருகோணமலை நகரில் இணையமுள்ள லினக்ஸ் கணினியில் இயக்கினால் எல்லாப் பொதிகளும் இறங்கும். வீட்டுக்கு வந்து 'ஆட் டவுன்லோடட் பாக்கேஜஸ்' கொடுங்கள்.

ஒன்றை மறக்காதீர்கள். 'அப்ளை'க்கு முன் நீக்கப்படுபவை எவை என்று பாருங்கள். உங்கள் வேலைக்கு வேண்டிய மென்பொருள் அதில் இருந்தால் 'கான்சல்' செய்துவிடுங்கள்.