பார்த்து எழுதுவது அறிவியல் ஆகாது

சென்னை–பெங்களூரு நெடுஞ்சாலையில் இருக்கும் பென்னலூரைச் சுற்றி எதைப் பார்த்தாலும் உற்பத்திதான். இருங்காட்டுக்கோட்டையில் கார், ஒரகடத்தில் லாரியும் மோட்டார் சைக்கிளும், சுங்குவார்சத்திரம் பக்கம் ஃபிரிட்ஜும் ஐபோனும். ஊரிலேயே பெரிய பொறியியல் கல்லூரி ஒன்றும் இருக்கிறது. இந்த ஆலைகளுக்கு ஷிப்ட் பஸ் ஏறிப் போகிறவர்களின் பிள்ளைகள் படிக்கும் அரசுத் தொடக்கப் பள்ளிகளை மட்டும் அரசின் அறிவியல் திட்டம் வாசலோடு விட்டுவிட்டது. இதை வன்மையாகக் கண்டிக்கிறோம்.

2022 நவம்பர் 28 அன்று முதலமைச்சர் திருச்சியில் ‘வானவில் மன்றம்’ தொடங்கி வைத்தார். 13,210 அரசுப் பள்ளிகள், 710 கருத்தாளர்கள், சோதனைப் பொருட்களோடு வகுப்பறைக்கே வரும் ஏற்பாடு. நல்ல திட்டம், வரவேற்றோம். ஆனால் அதற்கு வகுத்த எல்லை 6 முதல் 8ஆம் வகுப்பு வரை. மூன்றாம் வகுப்பிலேயே அறிவியல் புத்தகத்தைக் கையில் கொடுத்துவிட்டு, சோதனைக்கு மட்டும் ஆறாம் வகுப்பு வரை காத்திரு என்பது என்ன நியாயம்? ‘ஏன்’ என்று ஓயாமல் கேட்கும் வயது எட்டு. பதினொரு வயதுக்குள் அந்தக் கேள்விகளை நாமே அடக்கிவிட்டு, பிறகு மன்றம் வைத்து எழுப்பப் பார்க்கிறோம்.

கையால் செய்து பார்ப்பதற்கும் பார்த்து எழுதுவதற்கும் உள்ள தூரத்தை ஒரே சோதனையில் காணலாம். தட்டில் தண்ணீர், நடுவில் எரியும் மெழுகுவத்தி, மேலே கவிழ்த்த கண்ணாடி டம்ளர். சுடர் அணைகிறது, தண்ணீர் உள்ளே ஏறுகிறது. ‘ஆக்சிஜன் தீர்ந்தது, அந்த இடத்துக்குத் தண்ணீர் ஏறியது’ என்று உரைநூல்கள் எழுதிவைத்ததைப் பிள்ளைகள் கரும்பலகையிலிருந்து நோட்டில் இறக்குகிறார்கள். ஆசிரியர் ஒன்றுக்குப் பதில் மூன்று மெழுகுவத்தி ஏற்றிக் காட்டட்டும். தண்ணீர் முன்னைவிட உயரமாக ஏறும். டம்ளருக்குள் இருந்த ஆக்சிஜன் அதே அளவுதானே, பிறகு எப்படி? சூட்டில் விரிந்த காற்றில் ஒரு பங்கு முதலிலேயே வெளியேறிவிட, மிஞ்சியது ஆறிச் சுருங்கும்போது வெளிக்காற்றின் அழுத்தம் தண்ணீரை உள்ளே தள்ளுகிறது. அதுவே முக்கியக் காரணம். டம்ளர் விளிம்பில் குமிழி வருவதைக் கண்ட குழந்தை இதைத் தானே பிடித்துவிடும். பார்த்து எழுதிய குழந்தையோ தவறான விடைக்கு முழு மதிப்பெண் வாங்கும். இந்தச் சோதனைக்கு ஆகும் செலவு ஒரு டீக்காசுதான்.

வழி தெரியாத மாநிலமும் அல்ல இது. தமிழ்நாடு அறிவியல் இயக்கத்தின் ‘துளிர்’ 1987 முதல் குழந்தைகளுக்கு எளிய சோதனைகளைத் தமிழிலேயே சொல்லிவருகிறது. 2003இல் சென்னை மாநகராட்சிப் பள்ளிகளில் தொடங்கிய செயல்வழிக் கற்றல் 2007இல் மாநிலம் முழுக்கப் போனது. அந்த அனுபவம் எல்லாம் எங்கே?

ஆசிரியர்களைக் குறை சொல்லித் தப்பிக்க வேண்டாம். ஈராசிரியர் பள்ளியில் ஐந்து வகுப்பையும் இரண்டு பேர் பார்க்கிறார்கள். நடுவில் ‘எமிஸ்’ இணையதளத்தில் மாணவர் விவரப் பதிவேற்றம். தட்டில் தண்ணீர் ஊற்ற அவர்களுக்கு நேரம் கொடுக்காத துறைதான் பதில் சொல்ல வேண்டும்.

ஆலை நிர்வாகங்களுக்கும் பொறுப்பு உண்டு. 2013ஆம் ஆண்டு கம்பெனிகள் சட்டத்தின் 135ஆவது பிரிவு, சட்டம் வகுத்த வரம்பை எட்டிய நிறுவனங்கள் மூன்றாண்டுச் சராசரி நிகர லாபத்தில் 2 சதவீதத்தைச் சமூகப் பணிக்குச் செலவிடச் சொல்கிறது. தாம் இயங்கும் பகுதிக்கு முன்னுரிமை தரவும் சொல்கிறது. பள்ளிச் சுவருக்கு வண்ணம் அடித்துப் பெயர்ப்பலகை மாட்டுவதோடு அந்தக் கடமை தீராது. லென்ஸ், காந்தம், பல்ப், பேட்டரி, தராசு கொடுங்கள். உடைந்தால் மறுபடி கொடுங்கள். உடையும் என்று பயந்து பீரோவில் பூட்டிவைத்த பொருளால் எந்தப் பிள்ளைக்கும் பயனில்லை.

பள்ளிக் கல்வித் துறை வானவில் மன்றத்தை மூன்றாம் வகுப்புக்கு இறக்க வேண்டும். இப்போதே ஒரு கருத்தாளருக்குப் பதினெட்டுப் பள்ளிகளுக்கு மேல் என்பதால், ஆட்களைக் கூட்டாமல் அறிவிப்பு மட்டும் விடக்கூடாது. பொருள் வாங்கும் சிறு தொகை தலைமை ஆசிரியர் கைக்கே நேராக வரவேண்டும். அடுத்த கல்வியாண்டு தொடங்கும் முன் இதற்கான அரசாணை வெளியாக வேண்டும்.