கண் மங்கினால் வயசு என்று விட்டுவிடுவதா?



ஞாயிற்றுக்கிழமை சிராங்கூன் ரோட்டுக்கு வரும் நம்மவர்கள் சாமான் வாங்கி, வீரமாகாளியம்மனைக் கும்பிட்டுவிட்டு, தாதிமை இல்லத்தில் இருக்கும் அப்பாவையோ பாட்டியையோ பார்த்துவிட்டுப் போவது உண்டு. "சாப்பிட்டீங்களா? தூங்கினீங்களா?" என்று கேட்கிறோம். "கண்ணு தெரியுதா?" என்று கேட்பதில்லை.

அவர்களும் சொல்வதில்லை. விடியுமுன் விளக்கோடு பால்மரம் வெட்டிய கண்கள் அவை. 'வயசாச்சு, மங்கத்தான் செய்யும்' என்று பேசாமல் இருந்துவிடுகிறார்கள். சோறு சிந்தினால் கை நடுக்கம் என்கிறோம். சுவரைத் தடவி நடந்தால் தள்ளாமை என்கிறோம். கண்ணைப் பற்றி யாரும் நினைப்பதில்லை.

கண்புரை என்றால் அறுவை செய்து, வில்லை வைத்துப் பார்வையை மீட்கலாம். கண் அழுத்த நோய் அப்படியல்ல. பெரும்பாலும் வலியே இல்லாமல் வரும். போன பார்வை திரும்பாது. இனிப்பு நீரும் சத்தமில்லாமல் கண்ணைக் கெடுக்கும். காலத்தில் பார்த்தால்தான் இரண்டையும் தடுத்து நிறுத்தலாம். சிங்கப்பூர் இந்தியரிடையே இனிப்பு நீர் அதிகம் என்பதை மறக்கக் கூடாது.

இங்கே வசதிக்குக் குறைவில்லை. தேசியக் கண் நிலையம் 1990 முதல் நடக்கிறது. இனிப்பு நீர்க்காரர்களின் விழித்திரையைப் படம் பிடித்துப் பார்க்கும் திட்டம் 2010-ல் தொடங்கியது. ஆனால், நடக்க முடியாதவரை யார் கூட்டிப் போவது? வண்டிக்கு யார் ஏற்பாடு செய்வது? இல்லம் குடும்பத்தைப் பார்க்கிறது. குடும்பம் இல்லத்தைப் பார்க்கிறது. மாதங்கள் ஓடிவிடுகின்றன.

மதுரையில் 1976-ல் டாக்டர் கோவிந்தப்ப வெங்கடசாமி 11 படுக்கைகளோடு அரவிந்த் கண் மருத்துவமனையைத் தொடங்கினார். வைத்தியம் இலவசம் என்றாலும் பஸ் காசுக்கும் துணைக்கும் வழியில்லாத ஏழை வரமாட்டார் என்று அங்கே கண்டுகொண்டார்கள். ஆகவே கிராமத்துக்கே முகாம் போனார்கள். அறுவைக்கு பஸ்ஸில் ஏற்றிவந்து, சோறு போட்டு, திருப்பிக் கொண்டுபோய் விட்டார்கள். தோட்டத்து டிரெஸ்ஸர் லயத்துக்கே வந்து பார்த்ததும் இந்த ஞாயம்தான்.

நாம் கேட்பது இதுதான். இல்லத்தில் சேரும்போதே கண் சோதனை நடக்க வேண்டும். பிறகு ஆண்டுக்கு ஒரு தடவை. முடிந்தவரை சோதனை இல்லத்துக்கே வர வேண்டும். ஆஸ்பத்திரிக்குப் போகச் சொன்னால் வண்டிக்கும் துணைக்கும் பொறுப்பாளர் ஒருவர் இருக்க வேண்டும். தாதிமார்மேல் பழி போடவில்லை. அவர்களும் நம்மைப் போல் தொழிலாளர்களே.

குடும்பத்தாருக்கும் வேலை உண்டு. அடுத்த தடவை போகும்போது கண்ணாடியைத் துடைத்துப் போட்டுவிடுங்கள். ஒரு கண்ணைப் பொத்தி, "இது எத்தனை விரல்?" என்று கேளுங்கள், பிறகு மறு கண். தடுமாறினால் அன்றே தாதியிடம் சொல்லுங்கள். சரியாகச் சொன்னாலும், கடைசியாக எப்போது கண் சோதித்தார்கள் என்று கேட்டு, அடுத்த தேதியை வாங்கிக்கொண்டே கிளம்புங்கள்.

நம்மை வளர்த்த கண்கள், நம் முகம் தெரியாமல் மங்கிப்போக விடலாமா?